ஆலைத் திரையில் மெசேஜை மாற்றும் உரிமை யாருக்கு? டிஜிட்டல் சைனேஜ் லாகின் விவகாரம்: ஓசூர் நிறுவனங்களும் தொழிலாளர்களும் தெரிஞ்சுக்க வேண்டியவை

ஓசூர் சிப்காட், சூளகிரி, பர்கூர், போச்சம்பள்ளி என கிருஷ்ணகிரி மாவட்டத்தின் தொழிற்பேட்டைகளில் நோட்டீஸ் போர்டின் முகமே மாறி வருகிறது. சாக்பீஸில் எழுதும் கரும்பலகையும், பின் குத்திய காகிதமும் இருந்த இடத்தில் இப்போது பெரிய டிவி ஸ்கிரீன்கள். கேன்டீன் மெனு, கம்பெனி பஸ் நேரம், ஷிஃப்ட் மாற்றம், இன்றைய உற்பத்தி இலக்கு, பாதுகாப்பு எச்சரிக்கை எல்லாமே அதில்தான் ஓடுகிறது.

பார்க்க அழகா இருக்கு, சரி. ஆனால் ஒரு கேள்வி. அந்தத் திரையில் வருவதை யார் வேண்டுமானாலும் மாற்ற முடியுமா?

"நாளை முதல் காலை ஷிஃப்ட் 5.30 மணிக்கு" என்று திரையில் வந்தால், தொழிலாளியைப் பொறுத்தவரை அது உத்தரவு. தவறாக வந்தால் பஸ் போய்விடும், அரை நாள் சம்பளமும் போகும். இதை யார் போட்டது என்று விசாரித்தால், "எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டுதான் சார்" என்று பதில் வருகிறது. அப்போ பழி யார் தலையில் விழும்? பெரும்பாலும் அந்த அறையில் இருப்பவர்களிலேயே கடைசி ஆளான ஒப்பந்த ஊழியர் தலையில்தான். பிரச்சினையின் மையமே இதுதான்.

டிஜிட்டல் சைனேஜ் சாஃப்ட்வேரில் 'யூசர் பெர்மிஷன்' என்று சொல்லப்படும் பயன்பாட்டு உரிமைகள் என்றால் என்ன? அதை எப்படிப் பிரித்துக் கொடுப்பது? விரிவாகப் பார்ப்போம்.

டிஜிட்டல் சைனேஜ் எப்படி வேலை செய்கிறது?

இதில் மூன்று பாகங்கள் உண்டு. முதலாவது, சுவரில் தொங்கும் திரை. இரண்டாவது, 'பிளேயர்' எனப்படும் சின்னப் பெட்டி. இது திரையின் பின்னால் இருக்கும், சில டிவிகளில் உள்ளேயே இருக்கும். மூன்றாவது, எதை, எங்கே, எத்தனை மணிக்குக் காட்ட வேண்டும் என்று முடிவு செய்யும் சாஃப்ட்வேர். பெரும்பாலும் இது இணையத்தில், அதாவது கிளவுடில் இருக்கும். பிரவுசரைத் திறந்து லாகின் செய்தால் போதும்.

வசதியும் அங்கேதான், வம்பும் அங்கேதான். காகித நோட்டீஸை மாற்ற ஒருவர் போர்டு வரை நடந்து போக வேண்டும், நாலு பேர் கண்ணில் படும். டிஜிட்டல் திரையை மாற்ற பெங்களூருவிலோ சென்னையிலோ உட்கார்ந்திருப்பவரின் ஒரு கிளிக் போதும். ஒரே நேரத்தில் நாற்பது திரைகளும் மாறிவிடும். யார் மாற்றினார்கள் என்பது சாஃப்ட்வேருக்கு மட்டுமே தெரியும். எல்லோரும் ஒரே லாகினில் நுழைந்திருந்தால் அதற்கும் தெரியாது.

ஓசூரில் இது ஏன் கூடுதல் முக்கியம்?

முதல் காரணம், மொழி. ஓசூர் பகுதியில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் வீட்டு மொழிகள். ஆலைகளுக்குள் வந்தால் வட மாநிலத் தொழிலாளர்களால் இந்தியும் சேர்ந்துகொள்கிறது. ஒரே அறிவிப்பை மூன்று, நான்கு மொழிகளில் போட வேண்டிய நிலை. மொழிபெயர்ப்பவர் ஒருவர், சரிபார்ப்பவர் வேறொருவர், அப்லோடு செய்பவர் இன்னொருவர் என்று கைகள் கூடுகின்றன. 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் 108-வது பிரிவே, ஆலையில் வைக்க வேண்டிய அறிவிப்புகள் ஆங்கிலத்திலும் பெரும்பான்மைத் தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும், முக்கிய நுழைவாயில் அருகே கண்ணில் படும்படி இருக்க வேண்டும் என்று சொன்னது. அறிவிப்பு என்பது ஆலையில் அலங்காரப் பொருள் அல்ல என்பது அப்போதே தெளிவு.

இரண்டாவது காரணம், எல்லை. ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, அதாவது கர்நாடகா. தினமும் இரண்டு பக்கமும் ஆட்கள் போய் வருகிறார்கள். 2023 செப்டம்பர் 29-ம் தேதி காவிரி பிரச்சினைக்காகக் கர்நாடகாவில் பந்த் நடந்தபோது, தமிழகத்தில் இருந்து போன பஸ்கள் ஓசூர் எல்லையோடு நின்றன. இப்படியான நாளில் பஸ் அறிவிப்பு மணிக்கு மணி மாறும். இரவு 10 மணிக்கு அதை மாற்ற ஆலையில் யாருக்கு அதிகாரம்? தலைமை அலுவலகம் காலை 9 மணிக்குத்தான் திறக்கும் என்றால், அதிகாலை ஷிஃப்டுக்குக் கிளம்பும் ஆட்கள் என்ன செய்வார்கள்?

மூன்றாவது காரணம், ஒரே ஆலைக்குள் பல நிறுவனங்கள். கேன்டீன் ஒரு கான்ட்ராக்டர், பஸ் ஒரு கான்ட்ராக்டர், ஆள் எடுப்பது ஒரு ஏஜென்சி, திரையை மாட்டிக் கொடுத்தது இன்னொரு நிறுவனம். எல்லோருக்கும் திரையில் ஏதாவது போட வேண்டியிருக்கிறது. ஆனால் எல்லோரும் கம்பெனி ஊழியர்கள் இல்லை.

உரிமைகளைச் சரியாகப் பிரிக்காவிட்டால் என்ன ஆகும்?

2023 மார்ச் 19, ஞாயிற்றுக்கிழமை காலை. பாட்னா ரயில் நிலையத்தில் விளம்பரம் ஓட வேண்டிய டிவி திரைகளில் ஆபாசக் காட்சி ஓடியது. சுமார் 3 நிமிடம். பிளாட்பாரத்தில் குடும்பத்தோடு நின்றிருந்த பயணிகள் அதிர்ந்துபோய் ரயில்வே போலீஸிடம் புகார் செய்தனர். திரைகளை இயக்கியது ரயில்வே அல்ல, விளம்பர ஒப்பந்தம் எடுத்த ஒரு ஏஜென்சி. வழக்குப் பதிவானது, ஒப்பந்தம் ரத்தானது. ஆனால் நாடு முழுக்கச் செய்தியில் அடிபட்டது ரயில்வேயின் பெயர்தான்.

அதற்கு முன்பு 2017 ஏப்ரலில் டெல்லி ராஜீவ் சவுக் மெட்ரோ நிலையத்தின் விளம்பரத் திரையிலும் இதே கதை. அந்தத் திரை இன்னும் முழுமையாகப் பயன்பாட்டுக்கு வரவில்லை, ஒப்பந்ததாரர் சோதனை செய்துகொண்டிருந்தார் என்று மெட்ரோ நிர்வாகம் விளக்கம் கொடுத்தது. 'டெஸ்டிங்தானே' என்று விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இது உதாரணம்.

பிரிட்டனில் நடந்தது இன்னும் கவனிக்க வேண்டியது. 2024 செப்டம்பர் 25-ம் தேதி, 19 ரயில் நிலையங்களின் பொது வைஃபையில் நுழைந்தவர்களுக்கு, பயங்கரவாதத் தாக்குதல்களைச் சொல்லி இஸ்லாமியர்கள் மீது வெறுப்பைத் தூண்டும் பக்கம் தெரிந்தது. எங்கோ இருக்கும் ஹேக்கரின் வேலை என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தார்கள். விசாரணையில் வேறு விஷயம் வெளியே வந்தது. வைஃபை சேவை வழங்கும் நிறுவனத்தின் உண்மையான அட்மின் கணக்கில் இருந்தே பக்கம் மாற்றப்பட்டிருந்தது. அந்த நிறுவன ஊழியர் ஒருவர் கைது செய்யப்பட்டார். எந்தக் கணக்கு என்று தெரிந்ததால்தான் விசாரணை அவ்வளவு சீக்கிரம் நகர்ந்தது.

மூன்றிலும் ஒரு ஒற்றுமை உண்டு. திரையோ பக்கமோ மாறியது வெளி ஒப்பந்ததாரரின் பொறுப்பில் இருந்த இடத்தில்.

ஒரே பாஸ்வேர்டு: யாருக்கு ஆபத்து?

பல இடங்களில் நடப்பது இதுதான். திரையை மாட்டிய நிறுவனம் ஒரு அட்மின் லாகின் கொடுத்துவிட்டுப் போகும். அது வாட்ஸ்அப் குரூப்பில் வரும். பிறகு ஒரு மஞ்சள் சீட்டில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டப்படும். எச்.ஆர்., பாதுகாப்பு, உற்பத்தி, கேன்டீன் எல்லாருக்கும் அதே லாகின். "அண்ணே, பஸ் டைம் தப்பா வருது, கொஞ்சம் மாத்தி விடுங்க" என்றால் பக்கத்தில் இருப்பவர் மாற்றி விடுவார். வேலை நடக்கும்.

ஒருநாள் தப்பு நடக்கும்வரை எல்லாம் சுகம். தப்பு நடந்த பிறகு சாஃப்ட்வேரின் பதிவேட்டைத் திறந்தால் 'அட்மின் மாற்றினார்' என்று மட்டும் இருக்கும். எந்த அட்மின்? பதிவேடு கைவிரிக்கும். அந்த நேரத்தில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவர், பெரும்பாலும் அப்ரென்டிஸோ ஒப்பந்த டேட்டா என்ட்ரி ஊழியரோ, "நான் போடலை சார்" என்பதை நிரூபிக்க வழியே இருக்காது.

தனித்தனி லாகின் என்றாலே ஊழியரைக் கண்காணிக்க வந்தது என்று சிலர் நினைக்கிறார்கள். பாதி உண்மைதான். மறுபாதி, அது ஊழியருக்கான பாதுகாப்பு. உள்விசாரணை என்று வந்தால், உங்கள் பெயரில் எந்த மாற்றமும் பதிவாகவில்லை என்பதே உங்கள் சாட்சி.

'ரோல்' என்றால் என்ன?

யாருக்கு எவ்வளவு உரிமை என்பதை ஆளைப் பார்த்து முடிவு செய்யாமல், வேலையைப் பார்த்து முடிவு செய்வதுதான் ரோல் முறை. அமெரிக்காவின் தேசியத் தரநிலை நிறுவன ஆய்வாளர்கள் 1992-ல் இதை முறையாக வரையறுத்தார்கள். அதற்கும் முன்பு, 1975-ல் சால்ட்சர், ஷ்ரோடர் என்ற இரண்டு கணினி அறிஞர்கள் ஒரு கட்டுரையில் அடிப்படை விதி ஒன்றைச் சொன்னார்கள். ஒரு வேலையை முடிக்க எவ்வளவு உரிமை தேவையோ அவ்வளவு மட்டும் கொடு, அதற்கு மேல் வேண்டாம் என்பதே அது. ஐம்பது ஆண்டுகள் ஆகியும் இதைவிட நல்ல விதி வந்துவிடவில்லை.

நமக்குப் பழக்கமான உதாரணம் வேண்டுமா? சாதிச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கிறோம். மையத்தில் இருப்பவர் விவரங்களை டைப் செய்வார், ஆனால் சான்றிதழ் தர முடியாது. கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் பார்த்து அனுப்பிய பிறகுதான் தாசில்தார் நிலையில் ஒப்புதல். ஒவ்வொருவருக்கும் தனி லாகின், ஒவ்வொருவருக்கும் தனி எல்லை. ஆள் மாறினாலும் நாற்காலியின் அதிகாரம் மாறாது. ரோல் என்பது அந்த நாற்காலிதான்.

ஆலைத் திரைகளுக்கு பொதுவாக இந்த ஐந்து ரோல்கள் போதும்:

• முதன்மை அட்மின்: புது யூசரைச் சேர்ப்பது, நீக்குவது, செட்டிங்ஸ் மாற்றுவது. இரண்டு பேருக்கு மட்டும். ஒருவர் லீவில் போனால் மற்றவர் இருக்க வேண்டும் என்பதால் இரண்டு.

• எடிட்டர்: தன் துறைக்கான மெசேஜைத் தயாரிப்பவர். கேன்டீன் ஆள் மெனுவை மாற்றலாம். பஸ் நேரத்தில் கை வைக்க முடியாது.

• ஒப்புதல் தருபவர்: எடிட்டர் தயாரித்ததைப் படித்துப் பார்த்து 'போடலாம்' என்று சொல்பவர்.

• பார்வையாளர்: எந்தத் திரையில் என்ன ஓடுகிறது என்று பார்க்கலாம், மாற்ற முடியாது. செக்யூரிட்டி அறைக்கும் ஷிஃப்ட் சூப்பர்வைசருக்கும் இது போதும்.

• டெக்னீஷியன்: பிளேயர் ஆஃப்லைனா, ரீஸ்டார்ட் ஆகுமா என்று பார்ப்பவர். திரையை மாட்டிய நிறுவனத்துக்கு இந்த ரோல் மட்டும். உள்ளடக்கத்தை மாற்றும் உரிமை தேவையில்லை.

பார்க்கலாம், திருத்தலாம், நீக்கலாம்: மூன்றும் ஒன்றல்ல

ரோல் மட்டும் போதாது. எந்தப் பொருளின் மீது அந்த உரிமை என்பதும் முக்கியம். ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேரான 'சிபோ'வை எடுத்துக்கொள்வோம். அதில் இரண்டு அடுக்குகள் உண்டு. முதல் அடுக்கு, மெனுவில் எந்தெந்த வசதி ஒருவருக்குத் தெரிய வேண்டும் என்பது. இரண்டாவது அடுக்கு, ஒவ்வொரு படம், லே-அவுட், திரை மீதும் அவர் என்ன செய்யலாம் என்பது. அங்கே பார்க்க, திருத்த, நீக்க என்று மூன்று தனித்தனி அனுமதிகள்.

பலர் சறுக்குவது மூன்றாவதில்தான். திருத்தும் உரிமை கொடுக்கும்போது நீக்கும் உரிமையையும் சேர்த்து டிக் செய்துவிடுகிறார்கள். திருத்தியதில் தப்பு என்றால் மறுபடி சரிசெய்துகொள்ளலாம். பாதுகாப்புப் பயிற்சி வீடியோவையே ஒருவர் நீக்கிவிட்டால்? அது எத்தனை பிளேலிஸ்டில் இருந்ததோ அத்தனையிலும் காலி. எனவே நீக்கும் உரிமை அட்மினோடு நிற்கட்டும்.

ஒவ்வொரு ஃபைலுக்கும் தனித்தனியாக அனுமதி கொடுத்துக்கொண்டிருந்தால் கண்ணைக் கட்டிவிடும். அதற்கு ஃபோல்டர் முறை கைகொடுக்கும். 'கேன்டீன்', 'போக்குவரத்து', 'பாதுகாப்பு', 'உற்பத்தி' என நான்கு ஃபோல்டர்கள். அனுமதி ஃபோல்டருக்கு, ஆளுக்குப் பதிலாகக் குழுவுக்கு. புதிதாக ஒருவர் வந்தால் குழுவில் சேர்த்தால் போதும், வேலை முடிந்தது.

திரைகளையும் இதேபோல் குழுக்களாகப் பிரிக்க வேண்டும். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு ஆலையில் 40 திரைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கேன்டீனில் 6, கேட்டிலும் பஸ் நிறுத்தத்திலும் 4, லைனில் 28, வரவேற்பறையில் 2. கேன்டீன் எடிட்டருக்கு அந்த 6 மட்டும் தெரிந்தால், அவர் எவ்வளவு பெரிய தப்பு செய்தாலும் பாதிப்பு 6 திரையோடு நிற்கும். 40-ம் தெரிந்தால், மதிய மெனு உற்பத்தி லைனில் ஓடும். எதிரிக்காக மட்டும் போடும் வேலி அல்ல இது. தூக்கக் கலக்கத்தில் நைட் ஷிஃப்ட் பார்ப்பவரின் கை தவறினாலும் காப்பாற்றும் வேலி.

இரண்டு சாவி விதி: எப்போது வேண்டும்?

வங்கி லாக்கருக்கு இரண்டு சாவி. ஒன்று நம்மிடம், மற்றொன்று வங்கியிடம். திரையிலும் அப்படி ஒரு விதி வைக்கலாம். தயாரிப்பவர் ஒருவர், வெளியிடுபவர் வேறொருவர்.

இந்த விதி இல்லாததால் ஒரு மாநிலமே நடுங்கிய சம்பவம் உண்டு. 2018 ஜனவரி 13, காலை 8.07 மணி. அமெரிக்காவின் ஹவாய் தீவுகளில் மக்களின் செல்போன்களுக்கு, ஏவுகணை வருகிறது, இது ஒத்திகை அல்ல என்ற எச்சரிக்கை பறந்தது. பெற்றோர் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஒளிய இடம் தேடி ஓடினார்கள். ஏவுகணை எதுவும் வரவில்லை. ஒத்திகையை நிஜம் என்று நினைத்த ஒரு ஊழியர் தனியாளாக அந்த மெசேஜை அனுப்பியிருந்தார். இன்னொருவரின் ஒப்புதலை சிஸ்டம் கேட்கவே இல்லை. இந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் அங்கே இரண்டு பேர் விதி வந்தது.

அதைவிடப் பெரிய பாடம் அடுத்தது. அது தவறான எச்சரிக்கை என்ற திருத்தம் அதே செல்போன்களுக்குப் போய்ச் சேர 38 நிமிடம் ஆனது. காரணங்களில் ஒன்று, திருத்த மெசேஜ் தயாராக இல்லை. எச்சரிக்கைக்கு ரெடிமேட் வாசகம் இருந்தது, அதை ரத்து செய்ய இல்லை.

போடும் உரிமை சிலருக்கு, நிறுத்தும் உரிமை பலருக்கு

ஆலைத் திரைகளுக்கும் இதே கணக்குதான். தவறான மெசேஜைப் போட இரண்டு பேர் தேவை என்று வைக்கலாம். ஆனால் அதை நிறுத்த ஒருவரே போதும் என்று இருக்க வேண்டும். ஷிஃப்ட் சூப்பர்வைசர், செக்யூரிட்டி இன்சார்ஜ் யாராக இருந்தாலும் ஒரே பட்டனில் திரையைக் கம்பெனி லோகோவுக்குத் திருப்ப முடிய வேண்டும்.

2025 பிப்ரவரி 24-ம் தேதி வாஷிங்டனில், அமெரிக்க வீட்டுவசதித் துறைத் தலைமையக டிவிகளில், அதிபர் டிரம்ப் எலான் மஸ்க்கின் காலை முத்தமிடுவது போன்ற ஏஐ வீடியோ ஓடியது. அதை நிறுத்தத் தெரியாமல் ஊழியர்கள் மாடி மாடியாக ஏறி ஒவ்வொரு டிவியின் பிளக்கையும் பிடுங்கியதாகச் செய்திகள் வந்தன. நிறுத்தும் உரிமை யாரிடம் என்று முன்பே முடிவு செய்யாவிட்டால், கடைசி வழி பிளக்தான்.

தீ, ரசாயனக் கசிவு போன்ற அவசரத்துக்கு இரண்டு சாவி விதி பொருந்தாது. 2024 செப்டம்பர் 28-ம் தேதி ஓசூர் அருகே டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் தீ விபத்து ஏற்பட்டு, தொழிலாளர்கள் வெளியேற்றப்பட்டது நினைவிருக்கும். அந்த விபத்துக்கும் திரைகளுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் அப்படி ஒரு நிமிடத்தில், ஒப்புதல் தருபவர் எங்கே என்று தேட முடியாது என்பது யாருக்கும் புரியும்.

இதற்கு வழி, ஒப்புதலை முன்கூட்டியே வாங்கி வைப்பது. "உடனே வெளியேறவும், கூடுமிடம் கேட் எண் 2" போன்ற வாசகங்களைத் தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தியில் எழுதி, பாதுகாப்பு அதிகாரி கையெழுத்தோடு டெம்ப்ளேட்டாகப் பூட்டி வைக்க வேண்டும். ஷிஃப்டில் இருப்பவருக்கு அதை இயக்கும் உரிமை மட்டும் கொடுக்க வேண்டும், வாசகத்தை மாற்றும் உரிமை வேண்டாம். ஆபத்து நீங்கியது என்ற மெசேஜும் அதோடு தயாராக இருக்க வேண்டும். தீயணைப்பு ஒத்திகை நடக்கும்போது இதையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடலாம். அதற்காக சைரனையும் மைக்கையும் கழற்றிவிடக் கூடாது. கரண்ட் போனால் திரையும் போய்விடும்.

வேலையை விட்டவரின் லாகின் என்ன ஆகிறது?

தொழிற்பேட்டைகளில் ஆள் மாறுவது சகஜம். எச்.ஆர். எக்ஸிகியூட்டிவ் ஓசூரில் இருந்து எலக்ட்ரானிக் சிட்டிக்கு மாறிவிடுவார். ஐடி கார்டை வாங்குவோம், லாக்கர் சாவியை வாங்குவோம். சைனேஜ் லாகினை மட்டும் மறந்துவிடுவோம்.

கணக்கை அவசரமாக அழிப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அவர் உருவாக்கிய லே-அவுட்களும் ஷெட்யூல்களும் அவர் பெயரில்தான் இருக்கும். சிபோவில் ஒரு யூசரை நீக்கும்போது அவருடைய பொருள்களை இன்னொருவர் பெயருக்கு மாற்றும் வசதி உண்டு. அதைக் கவனிக்காமல் எல்லாவற்றையும் சேர்த்து அழித்தால் திங்கட்கிழமை காலை திரைகள் வெறுமையாக இருக்கும். எனவே முதலில் முடக்க வேண்டும், பிறகு பொருள்களை மாற்ற வேண்டும், கடைசியில்தான் நீக்க வேண்டும்.

கான்ட்ராக்டர்களுக்கு லாகின் கொடுத்தால் ஒப்பந்தம் முடியும் தேதியையே லாகின் முடியும் தேதியாகக் குறித்துக்கொள்ளலாம். ஒப்பந்தத்தில் ஒரு வரி அவசியம். முதன்மை அட்மின் கணக்கு ஆலை நிர்வாகத்தின் மின்னஞ்சலில் இருக்க வேண்டும், திரையை மாட்டிய ஏஜென்சியின் மின்னஞ்சலில் அல்ல. இல்லாவிட்டால் பில் தகராறு வரும் நாளில் உங்கள் திரை உங்கள் கையில் இருக்காது.

உரிமையைப் பிரித்துவிட்டால் ஹேக்கிங் நின்றுவிடுமா?

நிற்காது. உரிமைகள் ஒரு பூட்டு, அவ்வளவுதான். சுவரில் ஓட்டை இருந்தால் பூட்டு என்ன செய்யும்?

2013 பிப்ரவரி 11-ம் தேதி அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ஒரு டிவி சேனலின் நிகழ்ச்சிக்கு நடுவே, கல்லறைகளில் இருந்து பிணங்கள் எழுந்து வருகின்றன என்று அவசர எச்சரிக்கை ஒலித்தது. யாரோ செய்த விளையாட்டு. கருவி வாங்கும்போது வந்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டதுதான் அவர்கள் நுழைந்த வழி.

சாம்சங் நிறுவனத்தின் 'மேஜிக்இன்ஃபோ 9' சைனேஜ் சர்வரில் இருந்த ஒரு பாதுகாப்புக் குறையை அந்நிறுவனம் 2024 ஆகஸ்டில் சரிசெய்தது. ஆனால் 2025 மே மாதத்தில் அந்த சாஃப்ட்வேரைக் குறிவைத்துத் தாக்குதல்கள் நடந்தன. லாகின் செய்யாமலேயே சர்வரில் ஃபைலைப் போட முடிந்த வகைக் குறை அது. அப்டேட் போடாத இடத்தில் எவ்வளவு கவனமாக ரோல் பிரித்திருந்தாலும் பயன் இருந்திருக்காது.

இன்னொன்று, திரையின் பின்பக்கம். யு.எஸ்.பி. துளை திறந்தே இருந்து, ரிமோட் கீழேயே கிடந்தால், சாஃப்ட்வேருக்குள் நுழையாமலேயே யாரும் பென் டிரைவைச் செருகி எதையும் ஓட்டலாம். பல டிவிகளில் இதை செட்டிங்ஸில் பூட்டும் வசதி உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது?

தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-ன் 43-வது பிரிவு, உரிமையாளரின் அனுமதியின்றி கணினி அமைப்பில் நுழைவதை இழப்பீட்டுக்குரிய செயலாக்குகிறது. அதையே நேர்மையற்ற அல்லது மோசடி நோக்கத்தோடு செய்தால் 66-வது பிரிவின் கீழ் குற்றம். 66சி பிரிவு இன்னும் நேரடி. மற்றவரின் பாஸ்வேர்டை அப்படிப்பட்ட நோக்கத்தோடு பயன்படுத்தினால் 3 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் கிடைக்கலாம். ஆபாசத்தை மின்னணு முறையில் வெளியிட்டால் 67-வது பிரிவு. முதல் முறை குற்றத்துக்கு 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

நிறுவனங்களுக்கும் கடமை உண்டு. மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28-ம் தேதி வெளியிட்ட உத்தரவின்படி, கணினி அமைப்பில் அத்துமீறி நுழைவது போன்ற பட்டியலிட்ட சைபர் சம்பவங்களை, தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். கணினிப் பதிவுகளை 180 நாட்களுக்குப் பாதுகாக்க வேண்டும். ஒரே லாகினில் பத்து பேர் நுழைந்திருந்தால் 180 நாள் பதிவைப் புரட்டினாலும் பத்து பேரில் யார் என்று சொல்லாது.

அடிக்கடி எழும் கேள்விகள்

தனித்தனி லாகின் கொடுத்தால் செலவு கூடுமா?
சாஃப்ட்வேரைப் பொறுத்தது. பல நிறுவனங்கள் ஒரு திரைக்கு மாதம் இவ்வளவு என்றுதான் கட்டணம் வாங்குகின்றன. ஆனால் ஒப்புதல் முறை, மாற்றங்களின் பதிவேடு போன்றவை உயர் பிளானில் மட்டும் இருப்பதுண்டு. வாங்கும் முன் இதைக் கேட்டுவிட வேண்டும். திரை எத்தனை இன்ச் என்று கேட்பதற்கு முன்பே கேட்டால் இன்னும் நல்லது.

ஒப்புதல் தருபவர் இரவில் இல்லை என்றால்?
இங்கேதான் எல்லா விதியும் உடையும். அவர் தூங்கப் போகும்முன் பாஸ்வேர்டைச் சொல்லிவிட்டுப் போவார். ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் ஒரு மாற்று ஒப்புதலாளர் இருந்தால் அந்தத் தேவை வராது. வழியே இல்லாத விதியை ஊழியர்கள் மீறத்தான் செய்வார்கள். அது அவர்கள் குற்றமல்ல, விதியின் குற்றம்.

அதிகாரி என் லாகினைக் கேட்டால் என்ன செய்வது?
கொடுக்காமல் இருப்பதே நல்லது. "சார், உங்களுக்கே தனி லாகின் போட்டுத் தரச் சொல்றேன்" என்று அட்மினிடம் அனுப்பலாம். கொடுத்தே ஆக வேண்டிய நிலை வந்திருந்தால், வேலை முடிந்ததும் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, இன்ன நேரத்தில் இன்னாருக்குக் கொடுத்தேன் என்று ஒரு மின்னஞ்சல் போட்டு வைப்பது பிற்பாடு உதவும்.

என்ன செய்ய வேண்டும்? சுருக்கமாக

• இப்போது யார் யாரிடம் லாகின் இருக்கிறது என்று பட்டியல் எடுக்க வேண்டும். பொது லாகினை மூட வேண்டும்.
• ஆளுக்கு ஒரு லாகின். அட்மின் கணக்குகளுக்கு ஓடிபி போன்ற இரண்டாவது பூட்டு.
• திரைகளையும் ஃபோல்டர்களையும் துறைவாரியாகப் பிரிக்க வேண்டும்.
• ஷிஃப்ட், சம்பளம், விடுமுறை, பஸ் பற்றிய மெசேஜுக்கு இரண்டு பேர் ஒப்புதல். கேன்டீன் மெனுவுக்கு ஒருவர் போதும்.
• அவசர டெம்ப்ளேட்டும் அதன் ரத்து டெம்ப்ளேட்டும் எல்லா மொழியிலும் தயாராக இருக்க வேண்டும்.
• ஷிஃப்ட் பொறுப்பாளர் எல்லோருக்கும் நிறுத்தும் உரிமை.
• மூன்று மாதத்துக்கு ஒருமுறை லாகின் பட்டியலைச் சரிபார்த்து, போனவர்களின் கணக்கை முடக்க வேண்டும்.
• சாஃப்ட்வேர் அப்டேட், யு.எஸ்.பி. பூட்டு இரண்டையும் மறக்கக் கூடாது.

இந்தப் பட்டியலில் பெரிய தொழில்நுட்பம் எதுவும் இல்லை. பெரும்பாலானவற்றை ஒரு நாளில் உட்கார்ந்து முடித்துவிடலாம். கடினமானது ஒன்றுதான். யாருக்கு எந்த அதிகாரம் என்று நிர்வாகம் வாய் திறந்து சொல்லி, எழுதி வைக்க வேண்டும். அது எழுதப்படாத வரை, திரையில் வரும் ஒவ்வொரு தப்புக்கும் பதில் சொல்லப்போவது அன்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைக்கப்பட்ட ஊழியர்தான்.